‘ஸ்கேன் நார்மல்’ – எந்தக் கேள்விக்கு விடை?

2020ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் கான்பெராவில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதிய இருபது ஓவர் ஆட்டம் தமிழ்நாட்டு இரசிகர்களுக்கு நன்கு நினைவிருக்கும். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன் இவ்வகைப் பன்னாட்டு ஆட்டத்தில் முதன்முதலாகப் பந்து வீசி 3 விக்கெட்டுகளை வீழ்த்திய நாள் அது. அதே ஆட்டத்தில் இந்தியாவின் கடைசி ஓவரில் மிச்சல் ஸ்டார்க் வீசிய பந்து இரவீந்திர ஜடேஜாவின் தலைக்கவசத்தைத் தாக்கிற்று. அவர் தொடர்ந்து ஆடி 44 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காமல் திரும்பினார். இடைவேளையில் உடைமாற்றும் அறையில் அணியின் மருத்துவக் குழு அவரைச் சோதித்து, இது மூளையதிர்ச்சி என்று முடிவு செய்தது. அவருக்கு மாற்றாக இறங்கிய சாஹல் 3 விக்கெட்டுகளை எடுத்தார். இந்தியா 11 ஓட்டங்களில் வென்றது.

அதன்பின் நடந்த வாதமெல்லாம், ஆல்ரவுண்டருக்கு மாற்றாக முழுநேரச் சுழற்பந்து வீச்சாளர் இறங்கலாமா என்பதைப் பற்றியே. 2025 ஜனவரி 31ஆம் நாள் புணேயில் சிவம் துபேயின் தலைக்கவசத்தில் பந்து பட்டு, அவருக்கு மாற்றாக வந்த ஹர்ஷித் ராணா 3 விக்கெட்டுகளை எடுத்தபோதும் இதே வாதம். அடிபட்ட மூளையின் கதி என்ன, அதை மருத்துவர் எவ்வாறு அறிகிறார், குணமாயிற்று என்று எப்படிச் சொல்கிறார் என்பன பற்றி விளையாட்டுப் பக்கங்களில் நாம் படிப்பது மிகக் குறைவு. படிப்பதும் பெரும்பாலும் இரண்டே தொடர்கள். ஒன்று, ‘ஸ்கேன் நார்மல்’. மற்றது, ‘மூளையதிர்ச்சியைக் கண்டுபிடிக்க இரத்தச் சோதனை வந்துவிட்டது’. இவ்விரண்டும் பொய்யல்ல. ஆனால் வாசகர் இவற்றிலிருந்து கொள்ளும் பொருள் தவறானது. அத்தவறு ஆடுகளத்தில் இளைஞர் ஒருவரின் மூளையைப் பாதிக்கக் கூடும் என்பதாலேயே இதை எழுத நேர்ந்தது.

முதல் தொடரை எடுத்துக்கொள்வோம். 2022 பிப்ரவரியில் தரம்சாலாவில் இலங்கைப் பந்து வீச்சாளர் இலகிரு குமாரவின் பந்து இஷான் கிஷனின் தலைக்கவசத்தில் பட்டது. காங்ராவில் உள்ள மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுத்தனர். முடிவு இயல்பாகவே இருந்தது. ஆயினும் மறுநாள் ஆட்டத்தில் அவரை இறக்கவில்லை, கண்காணிப்பில் வைத்தனர். படம் நன்றாக இருந்தும் ஆளை ஏன் நிறுத்தினார்கள்? இதற்கு விடை சொல்லச் சிறிது இயற்பியல் தேவை.

சி.டி. ஸ்கேன் என்பது எக்ஸ் கதிர்களைத் தலையின் பல பக்கங்களிலிருந்தும் செலுத்தி, ஒவ்வொரு சிறு பகுதியும் அக்கதிரை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று கணக்கிடும் கருவி. அதன் அளவுகோலுக்கு ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயர் வைத்துள்ளனர். அதில் நீரின் மதிப்பு 0. மூளைத் திசு ஏறத்தாழ 25 முதல் 40 வரை. மண்டைக்குள் புதிதாகக் கசிந்து உறைந்த குருதி 60 முதல் 80 வரை. எலும்பு பல நூறுகளில் நிற்கும். ஆகவே எலும்பு முறிவும் குருதிக் கசிவும் அப்படத்தில் பளிச்சென்று தெரியும். அவற்றைக் காண்பதற்கு அதைவிட விரைவான வழி இன்றும் இல்லை.

இக்கருவி இல்லாத காலத்தை நினைத்துப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1962இல் பார்படோசில் சார்லி கிரிஃபித் வீசிய பந்து இந்திய அணித்தலைவர் நாரி காண்ட்ராக்டரின் மண்டையோட்டை உடைத்தது. உள்ளே கசிந்த குருதியை அகற்ற அறுவை செய்தனர். எதிரணித் தலைவர் ஃபிராங்க் வோரெல் தம் இரத்தத்தைக் கொடுத்தார். பின்னர் காண்ட்ராக்டரின் தலையில் உலோகத் தகடு பொருத்தப்பட்டது நம் வேலூரில். செய்தவர் டாக்டர் சாண்டி. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949இலேயே இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கியவர் இவர். அத்தகடு அறுபது ஆண்டுகள் உள்ளே இருந்து 2022இல் மும்பையில் அகற்றப்பட்டது. முதல் நோயாளியின் மூளையை சி.டி. கருவி படம் பிடித்ததோ 1971 அக்டோபரில்தான். காண்ட்ராக்டருக்கு நேர்ந்ததைப் போன்ற காயத்தை அது நொடிகளில் காட்டியிருக்கும்.

ஆனால் ஜடேஜாவுக்கு நேர்ந்தது வேறு வகை. மூளை சுமார் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடையுள்ள மென்மையான பொருள். நீரில் மிதப்பதுபோல் மண்டைக்குள் இருக்கிறது. தலை திடீரென்று சுழன்றால் மண்டையோடு முந்திக்கொள்ளும், மூளை பிந்தும். அதன் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்க முயலும்போது நீண்ட நரம்பிழைகள் இழுபடுகின்றன. அறுபட வேண்டுவதில்லை, இழுபட்டாலே போதும். நரம்பணுச் சுவரின் வாயில்கள் திறந்து பொட்டாசியம் வெளியேறும், கால்சியம் உட்புகும். இந்த உப்புகளைப் பழைய இடத்துக்குத் தள்ள அணுவுக்கு மிகுந்த ஆற்றல் வேண்டும். அதே வேளையில் குருதியோட்டம் குறைந்திருக்கும். இந்தப் பற்றாக்குறைதான் தலைவலியாகவும் மயக்கமாகவும் மறதியாகவும் வெளிப்படுகிறது. உப்பு இடம் மாறியதால் எக்ஸ் கதிரை உறிஞ்சும் அளவு மாறிவிடுமா? மாறாது. எனவே படம் ‘நார்மல்’! (தலைக்கவசம் மண்டையோட்டைக் காக்கும், சுழற்சியை முற்றிலும் நிறுத்தாது. கவசம் அணிந்தவருக்கும் மூளையதிர்ச்சி ஏற்படுவது இதனால்தான்.)

ஆக, ‘குருதி கசிந்துள்ளதா? எலும்பு முறிந்துள்ளதா?’ என்ற கேள்விக்கு உரிய விடையை ‘மூளை நலமா?’ என்ற கேள்விக்கு உரியதாக எடுத்துக்கொள்கிறோம். எங்கள் கல்லூரியில் கபடி ஆடும் மாணவர் ஒருவர், பிடிபட்டு விழுந்தபோது தலை தரையில் மோதி, மூன்றாம் நாளே பயிற்சிக்குக் கிளம்பிவிட்டார். “ஸ்கேன் நார்மல் சார்” என்றார் என்னிடம். கரும்பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தால் தலை வலிக்கிறது என்று அவரே முதல் நாள் சொல்லியிருந்தார். இரண்டும் ஒரே ஆளின் தலையைப் பற்றியவை என்பது அவருக்கு உறுத்தவே இல்லை.

இனி இரத்தச் சோதனைக்கு வருவோம். நரம்பணு அடிபட்டால் அதற்குள்ளிருக்கும் சில புரதங்கள் கசிந்து, மிக மிகச் சிறிய அளவில் இரத்தத்தில் கலக்கின்றன. நரம்பணுவைத் தாங்கும் நட்சத்திர வடிவ அணுக்களிலிருந்து வருவது ஜி.எஃப்.ஏ.பி.; நரம்பணுவிலிருந்து வருவது யு.சி.எச்.-எல்1. நரம்பிழையிலிருந்து வருபவை டௌ என்னும் புரதமும் நரம்பிழை நார்ப் புரதமும். 2018 பிப்ரவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் முதலிரண்டு புரதங்களையும் அளக்கும் சோதனை ஒன்றுக்கு அனுமதி தந்தது. பெரியவர்களின் மூளையதிர்ச்சியை மதிப்பிட உதவும் முதல் இரத்தச் சோதனை என்று தன் அறிவிப்புக்குத் தலைப்பிட்டது. காயம் உள்ளவர்களை 97.5 சதவீதமும் இல்லாதவர்களை 99.6 சதவீதமும் சரியாகக் கணிக்கும் என்று பொருள்படும்படி எழுதிற்று. செய்தி உலகெங்கும் பரவியது.

அந்த ஆய்வின் எண்கள் அதே ஆண்டில் லான்செட் நியூராலஜி இதழில் வெளியாயின. மாணவர்கள் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு உடன் வரலாம். தலையில் அடிபட்டு வந்த 1,959 பேரைச் சோதித்தனர். இவர்களில் சி.டி. படத்தில் காயம் தெரிந்தவர்கள் 125 பேர். இரத்தச் சோதனை ‘உண்டு’ என்று சொன்னது 1,288 பேருக்கு. ‘இல்லை’ என்று சொன்னது 671 பேருக்கு. ‘இல்லை’ என்றவர்களில் 3 பேருக்கு மட்டும் படத்தில் காயம் இருந்தது. அதாவது 671இல் 668 சரி. இதுதான் அந்த 99.6 சதவீதம்!

இப்போது மறுபக்கம். படத்தில் காயம் இல்லாதவர்கள் மொத்தம் எத்தனை பேர்? 1,959இலிருந்து 125 போக 1,834. இவர்களுள் சோதனை ‘இல்லை’ என்று சரியாகச் சொன்னது 668 பேருக்கு மட்டுமே. அது 36 சதவீதம். மீதி 1,166 பேருக்குப் படத்தில் ஒன்றும் இல்லாதபோதும் ‘உண்டு’ என்றது. காயமில்லாதவர்களில் 99.6 சதவீதத்தினரை இச்சோதனை அடையாளம் காணும் என்று படித்துக்கொண்ட வாசகருக்கு உண்மை விடை 36 என்று தெரிந்தால் எப்படியிருக்கும்? ‘இல்லை’ என்று சோதனை சொன்னவர்களில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே இல்லை என்பது ஒரு கேள்வி. உண்மையிலேயே இல்லாதவர்களில் எத்தனை பேருக்குச் சோதனை ‘இல்லை’ என்றது என்பது வேறொரு கேள்வி. ஒரு நிர்வாகத்தின் அறிவிப்பே இவ்விரண்டையும் குழப்பும்படி எழுதப்பட்டது வருந்தத்தக்கது. அதை எண் சரிபார்க்காமல் மறுபதிப்புச் செய்தவர்களைக் குறை சொல்வதற்கு முன் அதைச் சொல்ல வேண்டும்.

இதைவிடப் பெரிய குறை தலைப்பில் இருக்கிறது. இச்சோதனை எதனோடு ஒப்பிடப்பட்டது? சி.டி. படத்தோடு. மூளையதிர்ச்சியில் பெரும்பாலும் ஒன்றும் காட்டாதது அந்தப் படம் என்று மேலே கண்டோம். ஆகவே சோதனை விடை தரும் கேள்வி ‘மூளையதிர்ச்சி உண்டா?’ என்பதன்று; ‘சி.டி. எடுக்க வேண்டுமா?’ என்பதே. அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. மூன்றில் ஒரு பங்கினர் கதிரியக்கத்துக்கு ஆளாகாமல் வீடு திரும்பலாம். சி.டி. கருவி இல்லாத சிற்றூரில் யாரை நகரத்துக்கு அனுப்புவது என்று முடிவு செய்ய இது பெரிதும் உதவக் கூடும். 2024இல் ஏறக்குறைய 15 நிமிடத்தில் விடை தரும் கையடக்கக் கருவிக்கும் அங்கு அனுமதி கிடைத்துள்ளது. இவையெல்லாம் 18 வயது நிறைந்தவர்களுக்கு; அடிபட்ட ஒரு நாளுக்குள் எடுக்கும் இரத்தத்துக்கு. பள்ளிச் சிறுவனுக்கோ, பத்தாம் நாள் ‘மறுபடி ஆடலாமா?’ என்று கேட்பவருக்கோ அல்ல.

குணமடைவதைப் பற்றிய ஆய்வுகளும் நடக்காமலில்லை. சுவீடனின் பனிஹாக்கி வீரர்கள் 28 பேரிடம் அடிபட்டபின் மீண்டும் மீண்டும் இரத்தம் எடுத்துப் பார்த்தனர்; 2014இல் முடிவு வெளியாயிற்று. டௌ புரதம் முதல் ஒரு மணி நேரத்தில் உச்சத்தில் இருந்து பின் இறங்கியது. ஒவ்வொரு புரதத்துக்கும் ஒரு கால அட்டவணை உண்டு. யு.சி.எச்.-எல்1 ஏறத்தாழ 8 மணியில் உச்சம் தொடும், ஜி.எஃப்.ஏ.பி. 20 மணி அளவில். நரம்பிழை நார்ப் புரதம் வாரக்கணக்கில் உயர்ந்தே இருக்கும். (இதன் ஆங்கிலச் சுருக்கம் அமெரிக்கக் கால்பந்துக் கழகத்தின் சுருக்கத்தோடு ஒத்திருப்பது ஒரு வேடிக்கை. அக்கழகத்து வீரர்களின் தலைக் காயங்களே இத்துறைக்கு இவ்வளவு பணமும் கவனமும் கொண்டுவந்தன.) தொல்லை என்னவென்றால், எஸ்100பி என்னும் பழைய குறியீட்டுப் புரதம் தலையில் அடியே படாமல் கடுமையாக ஓடியவரின் இரத்தத்திலும் உயர்கிறது. கொழுப்பிலும் குருத்தெலும்பிலும் கூட அது உண்டு. ஆடி வியர்த்து நிற்பவரிடம் எடுத்த துளி இரத்தம் மூளையின் கதையை மட்டும் சொல்வதில்லை.

காந்த ஒத்ததிர்வுப் படத்தில் நுண்ணிய முறை ஒன்று இருக்கிறது; இயற்பியல் ஆசிரியனுக்கு அதன்மேல் ஒரு தனி ஆசை இருப்பது இயல்பு. பூமியின் காந்தப்புலத்தைப் போல் முப்பதாயிரம் மடங்குக்கு மேற்பட்ட புலத்தில் தலையை வைத்து, நீர் மூலக்கூறுகள் எந்தத் திசையில் எவ்வளவு அலைகின்றன என்று அளக்கிறார்கள். ஐன்ஸ்டீன் 1905இல் எழுதிய பிரௌனியன் இயக்கக் கணக்கே இங்கும் பயன்படுகிறது. ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்கில் மூளைக்குள் நீர் மூலக்கூறு சுமார் 15 மைக்ரோமீட்டர் நகரும். நரம்பிழையின் நெடுக்கே எளிதாகவும் குறுக்கே சிரமப்பட்டும் நகரும். இழை பாதிக்கப்பட்டால் இந்த வேறுபாடு மாற வேண்டும். அழகான சிந்தனை! ஆனால் படத்தின் ஒரு சிறு கனசதுரத்தின் பக்கம் 2 மில்லிமீட்டர். அதற்குள் பல இலட்சம் இழைகள். கிடைப்பது அவ்வளவின் சராசரி. அதுவும் சில ஆய்வுகளில் அடிபட்டபின் உயர்கிறது, சிலவற்றில் குறைகிறது.

இரண்டு வகுப்புப் பிரிவுகளின் சராசரி மதிப்பெண் 62, 58 என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரிவுகளுக்குள் வேறுபாடு உண்டு என்று நிறுவிவிடலாம். ஆனால் 60 வாங்கிய ஒரு மாணவர் எந்தப் பிரிவு என்று சொல்ல முடியுமா? அடிபட்டோர் குழுவையும் அடிபடாதோர் குழுவையும் பிரித்துக் காட்டும் படம், உங்கள் எதிரே நிற்கும் ஒருவரைப் பற்றி அந்த அளவுக்குத்தான் சொல்லும். 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய வல்லுநர்கள் 2023இல் வெளியிட்ட அறிக்கையும், இரத்தக் குறியீடுகளும் நுண்படங்களும் ஆராய்ச்சிக்குப் பயன்படுவன, அன்றாட மருத்துவத்துக்கு இன்னும் வரவில்லை என்றே கூறுகிறது.

அப்படியானால் ஆடுகளத்தில் என்ன செய்வது? ஐயம் வந்தவுடன் ஆட்டத்திலிருந்து வெளியே எடுப்பது. அன்று மீண்டும் இறக்காதிருப்பது. திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, தூக்கக் கலக்கம், வலிப்பு, ஒரு கை கால் தளர்வு – இவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்கு, அங்கே சி.டி. கட்டாயம் தேவை. மற்றவர்களுக்கு ஓரிரு நாள் ஓய்வு, பின் மெல்லிய நடை, பின் ஓட்டம், பின் மோதலில்லாப் பயிற்சி, மருத்துவர் இசைந்தபின் முழுப் பயிற்சி, கடைசியில் ஆட்டம். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே குறைந்தது ஒரு நாள். இருட்டறையில் வாரக்கணக்கில் படுக்க வைப்பது பழைய வழக்கம். அதனால் நன்மை இல்லை என்று கண்டுவிட்டார்கள். பன்னாட்டுக் கிரிக்கெட் மன்றம் 2025இல், மூளையதிர்ச்சி உறுதியானவர் குறைந்தது 7 நாள் ஆடக்கூடாது என்று விதித்தது. ஜடேஜாவும் தொடையில் பட்ட காயமும் சேர்ந்துகொள்ள அடிலெய்டு டெஸ்டில் ஆடவில்லை; 22 நாள் கழித்து மெல்பர்னில் இறங்கி 57 ஓட்டங்கள் எடுத்தார்.

நம் பக்கத்தில் பொங்கலையொட்டிக் கொள்ளிடக் கரையோர ஊர்களில் நடக்கும் கபடிப் போட்டிகளுக்கு மருத்துவக் குழுவோ கையடக்கக் கருவியோ வரப்போவதில்லை. விழுந்தவர் முகத்தில் தண்ணீர் தெளித்து, எழுந்து நின்றதும் கைதட்டி உள்ளே அனுப்புகிறார்கள். எந்த ஊர், எந்த அணியோடு ஆடுகிறோம், இப்போது எத்தனை புள்ளி என்று மூன்று கேள்வி கேட்க அரை நிமிடம் போதும். சரியாகச் சொன்னாலும் தலைவலியோ தள்ளாட்டமோ இருந்தால் அவர் உட்கார வேண்டியவரே. கபடியில் 7 பேர் ஆட, 5 பேர் மாற்று வீரர்களாக வெளியே காத்திருக்கிறார்கள். கான்பெராவில் எழுந்த வாதத்துக்கு இங்கே இடமே இல்லை.