கற்சுவர்களும் கருத்துநிலையும்: மகா சிம்பாப்வே பற்றிய ‘மாற்றுக் கொள்கை’களை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

பண்டைக் கட்டடங்களைக் கட்டியோர் யார் என்ற வினா வரலாற்று வினா மட்டுமன்று; உழைப்பின் உரிமை பற்றிய வினாவுமாகும். பெருவழக்குப் பெற்றுள்ள ‘மாற்றுக் கொள்கை’களை மதிப்பிடுவோர் இதனைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். 1968 இல் எரிக் வொன் டெனிக்கன் எகிப்தியப் பிரமிட்டுகளுக்கு வேற்றுலகத்தாரைத் துணைக்கழைத்தார். 2022 இல் கிரஹாம் ஹன்கொக் நெட்ஃபிளிக்ஸ் தொடரொன்றின் வாயிலாக, பனியுக இறுதியில் அழிந்த உயர்நாகரிகமொன்றின் எச்சத்தவரே ஏனைய மக்களுக்குக் கலைகளைக் கற்பித்தனர் என்றார். அத்தொடரை விஞ்ஞானப் புனைகதையாக வகைப்படுத்துமாறு அமெரிக்கத் தொல்லியற் கழகம் கோரியது. உண்மையை மறைக்கும் நிறுவனம், அதனை எதிர்க்கும் தனிமனிதன் என்ற படிமத்துக்கு இத்தகைய மோதல்கள் வலுவூட்டுகின்றன. இப்படிமம் முற்போக்கு வாசகரையும் கவர்வதில் வியப்பில்லை. அதிகாரத்தை ஐயுறுவது நமது மரபன்றோ?

ஆயின் எந்த அதிகாரத்தை, எவர் சார்பில் ஐயுறுவது என்பதே அடிப்படைப் பிரச்சினையாகும். நாம் தொல்லியலாளர் அல்லோம். இலக்கியத்தின் சமூக அடிப்படைகளை ஆராய்வோர். எனினும் இக்கொள்கைகள் கதைகளாகவே பரவுவதால் அவற்றை இலக்கியத் திறனாய்வுக்கு உட்படுத்துதல் பொருந்தும். இதற்கு ஆபிரிக்காவின் மகா சிம்பாப்வே தக்க எடுத்துக்காட்டாகும்.

2

கருங்கற்களைச் சாந்தின்றி அடுக்கிக் கட்டப்பட்டது மகா சிம்பாப்வே. அதன் பெருஞ்சுற்றுமதில் ஏறத்தாழ 250 மீற்றர் சுற்றளவுடையது. சில இடங்களில் 11 மீற்றர் உயரமானது. கி.பி. 11 ஆம் நூற்றாண்டுக்கும் 15 ஆம் நூற்றாண்டுக்கும் இடையில், இன்றைய ஷோனா மக்களின் மூதாதையர் கால்நடைச் செல்வத்தையும் பொன் வணிகத்தையும் ஆதாரமாகக் கொண்டு வளர்த்தெடுத்த தலைநகர் இது என்பது இன்று ஐயத்துக்கிடமற்றது.

1871 இல் இங்கு வந்த ஜேர்மன் பயணி கார்ல் மௌக், வாயில் உத்தரமொன்றின் மரச்சீவலைத் தமது பென்சிலின் மரத்தோடு ஒப்பிட்டார். இரண்டும் ஒத்திருக்கவே, அது லெபனானிலிருந்து வந்த தேவதாரு என்றும், ஆகவே இது ஷேபா அரசியோடு தொடர்புடையது என்றும் முடிவு செய்தார். அம்மரமோ உள்ளூர் மரமே. பென்சிலிலிருந்து பேரரசிவரை சென்ற இந்த அனுமானத்தை வெறும் தனிமனிதத் தவறாகக் கொள்ளலாகாது. கறுப்பின மக்களால் இவ்வாறு கட்ட இயலாது என்ற முற்கோள் இல்லையேல் அது ஓர் அடிகூட நகர்ந்திராது.

1890 இல் செசில் ரோட்ஸின் பிரித்தானிய தென்னாபிரிக்கக் கம்பனி மஷோனாலாந்தைக் கைப்பற்றியது. மறுவருடமே, ரோட்ஸின் ஆதரவுடன் வந்த தியோடர் பென்ற் கட்டடங்களை அராபியத் தீபகற்பத்தோடு தொடர்புபடுத்தினார். இதன் அரசியற் பயன் வெளிப்படை: வெளியிலிருந்து வந்த பண்டைய இனமொன்று இங்கு பொன் அகழ்ந்து ஆண்டதெனில், ஆங்கிலேயர் வருகை ஆக்கிரமிப்பன்று, மீள்வருகையே. 1895 இல் இடிபாடுகளில் பொன் தேடுவதற்கென்றே ஒரு கம்பனிக்கு அனுமதி வழங்கப்பட்டது. அடுத்து, காப்பாளராக நியமிக்கப்பெற்ற றிச்சர்ட் ஹோல், பிற்கால ஆபிரிக்கரின் குப்பை எனக் கருதிப் பண்பாட்டுப் படைகளையே அகற்றி எறிந்தார். அவர் தேடிய வேற்றினத்தார் கிடைக்கவில்லை. கட்டியவர்களின் சான்றே அழிந்தது.

1905 இல் ரன்டல் மக்கைவரும் 1929 இல் கேற்றன் தொம்சனும் முறையான அகழ்வின்பின், இவை ஆபிரிக்கர் ஆக்கியவை என நிறுவினர். குடியேறிய வெள்ளையர் அம்முடிவை ஏற்கவில்லை. 1965 இல் இயன் ஸ்மித்தின் சிறுபான்மை ஆட்சி தன்னிச்சையாகச் சுதந்திரம் பிரகடனஞ் செய்தபின் இவ்வெதிர்ப்பு அரச நெருக்குதலாயிற்று. அரசாங்க வெளியீடுகள் ஆபிரிக்கத் தோற்றத்தை மட்டும் கூறுகின்றன என்று 1969 இல் றொடீசியப் பாராளுமன்றத்திலேயே முறையிடப்பட்டது. நினைவுச்சின்னங்களின் பரிசோதகராயிருந்த பீற்றர் கார்லேக் 1970 இல் நாட்டைவிட்டு நீங்கினார்.

இங்கு ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். ‘மாற்றுக் கொள்கை’ ஆட்சியின் கொள்கையாக இருந்தது. நெருக்குதலுக்கு உள்ளானது தொல்லியலே. தனிமனிதக் கலகக்காரன் என்ற படிமம் வரலாற்றினால் தலைகீழாக்கப்படுகின்றது.

3

இப்படிமத்தின் மூலத்தைப் புனைகதையிற் காணலாம். றைடர் ஹகார்ட்டின் ‘சொலமன் மன்னனின் சுரங்கங்கள்’ 1885 இல், அதாவது கம்பனியின் படையெடுப்புக்கு ஐந்தாண்டுகள் முன்னர் வெளிவந்தது. அந்நாவலில் வரும் பெருவீதியும் பிரமாண்டமான கற்சிலைகளும் அங்கு வாழும் மக்களின் ஆக்கங்களாகக் காட்டப்படவில்லை; மக்கள் அவற்றின் அருகே வாழ்வோர் மட்டுமே. அவற்றின் பொருளை உணர்பவனும் வைரங்களோடு திரும்புபவனும் வெளியிலிருந்து வந்தவன். கார்லேக் வெளியேறி ஈராண்டுகளில், 1972 இல், வில்பர் ஸ்மித்தின் ‘சன்பேர்ட்’ வந்தது. பொட்சுவானாவில் மறைந்த கார்த்தேஜியர் நகரைக் கண்டுபிடிக்கும் ஆய்வாளனே அதன் நாயகன். அறிவுலகில் தோற்ற கொள்கை, வணிகப் புனைகதையில் வாழிடம் தேடிக்கொண்டது.

வொன் டெனிக்கனின் எழுத்தும் இவ்வமைப்பிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று. பினீசியரின் இடத்தில் வேற்றுலகத்தார் அமர்கின்றனர். வாசகர் கேள்வி கேட்கத் தூண்டப்படுவதுபோலத் தோன்றினும், ‘இவர்களால் இது இயலுமா?’ என்ற ஒரே கேள்வியே திரும்பத்திரும்ப ஒலிக்கின்றது. எவ்வாறு உழைத்தனர், எதை உண்டனர், யார் ஏவினர் என்ற கேள்விகள் எழுவதில்லை. இக்கேள்விகளைக் கேட்டதன் பயனாகவே கிஸாவில் தொழிலாளர் குடியிருப்பும் கல்லறைகளும் ஆராயப்பட்டன. 2013 இல் வாடி அல்-ஜர்ஃபில் கிடைத்த பப்பைரசு ஏடுகளிலே, மெரெர் என்னும் மேற்பார்வையாளனின் அணி தூராவிலிருந்து கிஸாவுக்குச் சுண்ணக்கல் ஏற்றிய வேலை நாள்தோறும் பதிவாகியுள்ளது. எந்த மர்மக் கதையினும் இந்த வேலைக் குறிப்பு நமக்கு முக்கியமானது.

4

இதனால் தொல்லியல் குற்றமற்றதெனக் கூறிவிட முடியாது. சிலியின் மொன்ரே வேர்டேயில் 1977 முதல் அகழ்ந்த ரொம் டிலஹே, அமெரிக்காவின் தொன்மைக் குடியிருப்புப் பற்றிய நிலைபெற்ற கருத்தை மறுத்தபோது, பரவலான ஏற்புக்கு 1997 வரை காத்திருக்க நேர்ந்தது. ஆயினும் அத்தடையை உடைத்தது சதிக்கதையன்று, மண்ணிலிருந்து வந்த சான்று. 1995 முதல் துருக்கியின் கோபெக்லி தெபேயை அகழ்ந்த கிளவுஸ் ஷ்மித், வேட்டையாடி உணவு சேகரித்தோரும் பெருங்கற்றூண்களை நாட்டினர் எனக் காட்டியபோதும் பழைய கருத்துகள் மாறவேண்டியதாயிற்று.

மகா சிம்பாப்வேயில் தொல்லியலின் குறை வேறிடத்திலுள்ளது. சுற்றிவாழும் மக்களுக்கு அவ்விடம் மூதாதையரை வணங்கும் புனிதத் தலம். அதனை வேலியிட்டுப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக்கிய நிர்வாகம், அவர்களது சடங்குகளையும் நினைவுகளையும் புறத்தே நிறுத்தியது. ஆபிரிக்கர் கட்டினர் என நிறுவிய துறையே அவ்வாபிரிக்கரின் வழித்தோன்றல்களுக்குச் செவிசாய்க்கத் தயங்கியமை ஆழ்ந்த முரண்பாடாகும். மறைக்கப்பட்ட ‘மாற்றுக் குரல்’ ஒன்று உண்டெனில் அது இதுவே.

1980 இல் விடுதலை பெற்ற நாடு இக்கட்டடத்தின் பெயரைத் தனதாக்கியது. இங்கு கிடைத்த கற்பறவை கொடியில் இடம்பெற்றது. இம்மீட்பு நியாயமானது. எனினும் இனம் பற்றிய வினாவுக்கு விடை கிடைத்ததும் வர்க்கம் பற்றிய வினா முடிந்துவிடுவதில்லை. கல்மதில்களுக்குள் வாழ்ந்தோர் ஆளும் குழுவினர். மக்களிற் பெரும்பாலோர் வெளியே நெருக்கமான மண்வீடுகளில் வாழ்ந்தனர். கல் உடைத்தோர் யார், கட்டளையிட்டோர் யார் என்பதையும் கேட்டாக வேண்டும்.

ஆகவே, ஒரு கொள்கை நிறுவனத்தை எதிர்க்கின்றது என்பதாலேயே அது முற்போக்கானதாகிவிடாது. நிறுவனத்தின் கொள்கை என்பதாலேயே அது முழுமையானதுமாகாது. அது யாரைக் கட்டியோராக ஏற்கின்றது, யாருடைய கைகளிலிருந்து கட்டடத்தைப் பறிக்கின்றது, எச்சான்றின் மீது நிற்கின்றது என்பவற்றை ஒருங்குவைத்து நோக்கியே அதனை மதிப்பிடல் வேண்டும். கடந்தகாலம் நிகழ்கால உரிமைக்குச் சாட்சியாக அழைக்கப்படும் எந்நாட்டுக்கும் இது பொருந்தும்.