கடையை வாங்கலாம், மாஸ்டரை?

2022 ஜனவரி 31 அன்று, அமெரிக்காவின் பஞ்சி கேம் ஸ்டூடியோவை 360 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக சோனி அறிவித்தது. ஓரிரு நாளில் காலாண்டுக் கணக்கை வெளியிட்டபோது, சோனியின் நிதித் தலைவர் ஹிரோகி டோட்டோகி அந்தத் தொகையைப் பிரித்துக் காட்டினார். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 120 கோடி டாலர், அங்கே வேலை பார்ப்பவர்கள் விற்பனை முடிந்த கையோடு கிளம்பிவிடாமல் இருப்பதற்காக ஒதுக்கியது. நம் ஊரில் பரோட்டாக் கடையை விலை பேசுகிறவருக்கு இது உடனே புரியும். கல்லுக்கும் மேசைக்கும் ஒரு தொகை. மாஸ்டர் எதிர்க்கடைக்குப் போகாமலிருக்க இன்னொரு தொகை. இரண்டரை ஆண்டு கழிந்தது. 2024 ஜூலையில் அதே பஞ்சியிலிருந்து 220 பேர் வெளியே அனுப்பப்பட்டார்கள். மொத்த ஆட்களில் 17 சதவீதம்.

கன்சோல் கம்பெனிகள் (பிளேஸ்டேஷனின் சோனி, எக்ஸ்பாக்ஸின் மைக்ரோசாஃப்ட், நிண்டெண்டோ) அடுத்து யாரை வாங்கும் என்பது கேம் ஆடுகிறவர்களிடையே ஓயாத பேச்சு. ஐபிஎல் ஏலத்துக்கு முந்தைய வாரம் போல ஆளுக்கொரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். சேகா, ஸ்கொயர் எனிக்ஸ், கேப்காம், யுபிசாஃப்ட் என்று பெயர்கள் சுற்றிச் சுற்றி வருகின்றன. எனக்கும் இந்த ஊக ஆட்டம் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் வாங்கியவர்கள் வாங்கியதை வைத்து என்ன செய்தார்கள் என்று பார்க்காமல் அடுத்த பெயரைச் சொல்வது, போன கல்யாணம் என்ன ஆனது என்று கேட்காமல் அடுத்த ஜாதகத்தைக் கையில் எடுப்பதுதான்.

ஏன் வாங்குகிறார்கள் என்பதில் பெரிய மர்மம் இல்லை. கன்சோல் ஒரு தியேட்டர். கருவியை விற்பதில் லாபம் சொற்பம். சில சமயம் நஷ்டத்துக்கே விற்கிறார்கள். தன்னுடைய டிஜிட்டல் கடையில் விற்கும் ஒவ்வொரு கேமிலும் சுமார் 30 சதவீதம் எடுத்துக்கொள்வதில்தான் பிழைப்பு நடக்கிறது. வேறெங்கும் ஓடாத படம் ஓடினால் கூட்டம் இங்கே வரும். அதனால் படக் கம்பெனியையே வாங்கிப் போட்டுவிடலாம் என்று தியேட்டர்காரருக்குத் தோன்றுகிறது.

இதனால் நல்லதே நடந்ததில்லை என்று சொன்னால் பொய். டிம் ஷேஃபரின் டபுள் ஃபைன் ஸ்டூடியோ, ‘சைக்கோநாட்ஸ் 2’ என்ற கேமை ரசிகர்களிடம் பணம் திரட்டித் தொடங்கியது. நடுவில் பணம் கையைக் கடிக்க, ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் வரும் பெரிய வில்லன்களோடு மோதும் காட்சிகளை வெட்ட வேண்டி வந்தது. 2019இல் மைக்ரோசாஃப்ட் ஸ்டூடியோவை வாங்கிய பிறகு அவை திரும்பி வந்தன. 2021இல் கேம் முழுசாக வெளியானது. அதே முதலாளியிடம் இருக்கும் அப்சிடியன் ஸ்டூடியோவின் ‘பென்டிமென்ட்’ இன்னும் விசித்திரம். பதினாறாம் நூற்றாண்டு பவேரியாவில் ஒரு மடம், அங்கே சித்திரம் தீட்ட வந்த ஓவியன், ஒரு கொலை. பழைய ஏட்டுச் சித்திரம் போலவே காட்சிகள். பேசுகிறவரின் படிப்புக்கும் அந்தஸ்துக்கும் ஏற்ப எழுத்துரு மாறும். தனியே சந்தைக்குப் போய் இதற்கு முதல் கேட்டிருந்தால் யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். மாதச் சந்தாவில் கேம்களைத் தரும் மைக்ரோசாஃப்டின் கேம் பாஸ் இல்லாவிட்டால் இந்த யோசனையை முன்வைத்தே இருக்க மாட்டேன் என்று இயக்குநர் ஜோஷ் சாயரே சொல்லியிருக்கிறார். பெரிய முதலாளியின் நிழலில்தான் சில சின்னச் செடிகள் பிழைக்கின்றன.

சோனியின் கணக்கில் இதைவிடத் தெளிவான உதாரணம் இன்சோம்னியாக். 1998இல் ‘ஸ்பைரோ’ வெளியானது முதல் பிளேஸ்டேஷனோடு சேர்ந்து வேலை செய்தவர்கள்; ஆனாலும் இருபது ஆண்டு சுதந்திரமாகவே இருந்தார்கள். 2018இல் ‘ஸ்பைடர்மேன்’ பெரிய வெற்றி பெற்ற மறு ஆண்டு சோனி அவர்களை வாங்கியது. விலை 22.9 கோடி டாலர். பஞ்சிக்குத் தந்ததில் பதினைந்தில் ஒரு பங்குகூட இல்லை. இந்த ஆளுக்கு எது வரும், எது வராது, எப்போது தாமதமாகும் என்பதெல்லாம் வாங்குவதற்கு முன்பே தெரிந்திருந்தது. நிண்டெண்டோவும் இப்படித்தான் வாங்குகிறது. ‘லூயிஜிஸ் மேன்ஷன் 3’ செய்து கொடுத்த கனடாவின் நெக்ஸ்ட் லெவல் கேம்ஸ், எண்பதுகளிலிருந்தே கூட இருந்த எஸ்ஆர்டி, இந்த வகை ஆட்கள்தான். 2007இல் பந்தாய் நம்கோவிடமிருந்து வாங்கிய மோனோலித் சாஃப்ட், ‘செனோபிளேட்’ வரிசையையும் தந்தது, 2017இன் ‘பிரெத் ஆஃப் த வைல்ட்’டுக்கும் தோள் கொடுத்தது. தலைப்புச் செய்தியாகும் தொகை இவற்றில் எதிலும் இல்லை.

இந்தத் தொழிலில் தேறிய வியாபாரங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு தரப்பும் முன்பே பல வருடம் சேர்ந்து உழைத்தவையாக இருக்கின்றன. இதற்கும் விதிவிலக்கு உண்டு. 2014இல் மைக்ரோசாஃப்ட் 250 கோடி டாலருக்கு ‘மைன்கிராஃப்ட்’டின் மோஜாங்கை வாங்கியபோது, அதை உருவாக்கிய மார்கஸ் பெர்ஸன் அப்போதே விலகிவிட்டார். கடைக்கு ஒன்றும் ஆகவில்லை. 2023க்குள் 30 கோடிப் பிரதிகள் தாண்டிவிட்டன. அந்தக் கேமில் கட்டுவது, இடிப்பது எல்லாம் ஆடுகிறவர்கள் வேலை. மாஸ்டர் போனாலும் வாடிக்கையாளர்களே சமைத்துக்கொள்ளும் கடை அது.

இதற்கு நேர்மாறான கதை ஸெனிமேக்ஸுடையது. 2021 மார்ச்சில் 750 கோடி டாலருக்கு அந்தக் குழுமத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, அதோடு ஆஸ்டினில் இருந்த ஆர்கேன் ஸ்டூடியோவும் வந்தது. தனி ஆளாக ஆடும் ஆழமான கேம்களுக்குப் பேர்போனவர்கள். 2017இன் ‘பிரே’ அவர்களுடையது. அப்போது அவர்கள் செய்துகொண்டிருந்ததோ பல பேர் சேர்ந்து ரத்தக்காட்டேரிகளைச் சுடும் ‘ரெட்ஃபால்’. அது வெளிவருவதற்குள் ‘பிரே’யில் வேலை செய்தவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் விலகிவிட்டதாக ப்ளூம்பெர்க் எழுதியது. புது முதலாளி வந்து இதை நிறுத்துவார், அல்லது போக்கை மாற்றுவார் என்று உள்ளே சிலர் காத்திருந்ததாகவும் அதே செய்தி சொன்னது. முதலாளி தலையிடவே இல்லை. வாங்கியவர் மூக்கை நுழைத்துக் கெடுத்துவிடுவார் என்பதுதான் ரசிகர்களின் நிரந்தரப் பயம். இங்கே நடந்தது அதன் தலைகீழ்: டபுள் ஃபைனை வாழவைத்த அதே ‘உங்கள் இஷ்டம்’ கொள்கை ஆர்கேனைக் கவிழ்த்தது. 2023 மே மாதம் ‘ரெட்ஃபால்’ வந்தது, அடி வாங்கியது. 2024 மே மாதம் ஸ்டூடியோ மூடப்பட்டது.

அதே நாளில், அதே ஸெனிமேக்ஸோடு வந்த டோக்கியோவின் டேங்கோ கேம்வொர்க்ஸும் மூடப்பட்டதற்கு என்ன காரணம் சொன்னாலும் எனக்குச் சமாதானம் ஆகவில்லை. அவர்களின் ‘ஹை-ஃபை ரஷ்’ஷில் தாளத்துக்கு ஏற்ப அடிக்க வேண்டும், தாளத்துக்கு ஏற்பக் குதிக்க வேண்டும், தெருவிளக்கும் மரமும்கூட அதே தாளத்தில் அசையும். 2023 ஜனவரியில் முன்னறிவிப்பே இல்லாமல், அறிவித்த அன்றே வெளியானது. விமர்சகர்கள் கொண்டாடினார்கள், விருதுகளும் வந்தன. பதினைந்தே மாதத்தில் கதவு சாத்தப்பட்டது. நல்ல கேம் செய்வதுதான் பாதுகாப்பு என்று நம்பியிருந்த ஸ்டூடியோக்கள் அந்த நம்பிக்கையை அன்று இழந்திருக்கும்.

அப்போது மைக்ரோசாஃப்ட் இதைவிடப் பெரிய ஒன்றை விழுங்கிவிட்டுச் செரிக்க முடியாமல் இருந்தது. 2022 ஜனவரியில் ஆக்டிவிஷன் பிளிஸார்டுக்கு அது சொன்ன விலை 6,870 கோடி டாலர். அமெரிக்க வர்த்தக ஆணையம் நீதிமன்றம் போனது, பிரிட்டனின் போட்டி ஆணையம் முதலில் மறுத்தது. கிளவுட் வழியாக ஆடும் உரிமையை யுபிசாஃப்டுக்குக் கொடுத்த பிறகுதான் 2023 அக்டோபர் 13 அன்று வியாபாரம் முடிந்தது. மூன்று மாதத்தில் கேம் பிரிவிலிருந்து 1,900 பேர் நீக்கம். வழக்கு நடந்தபோது எல்லாருடைய பயமும் ஒன்றுதான்: ‘கால் ஆஃப் டூட்டி’ பிளேஸ்டேஷனை விட்டுப் போய்விடும். அது போகவில்லை. மாறாக எக்ஸ்பாக்ஸின் சொந்தச் சரக்குகள் பிளேஸ்டேஷன் பக்கம் வர ஆரம்பித்தன. 2002இல் 37.5 கோடி டாலருக்கு வாங்கிய பிரிட்டனின் ரேர் ஸ்டூடியோ செய்த ‘ஸீ ஆஃப் தீவ்ஸ்’ 2024இல் பிளேஸ்டேஷனுக்கு வந்தது. எக்ஸ்பாக்ஸின் குலதெய்வம் என்று சொல்லத்தக்க ‘ஹேலோ’வும் வரும் என்று 2025 அக்டோபரில் அறிவித்தார்கள். போட்ட பணத்தை எடுக்க ஒரே தியேட்டர் போதவில்லை. எதிர்த் தியேட்டரிலும் படத்தை ஓட்டியாக வேண்டியிருக்கிறது. வாங்கியதன் அடிப்படைக் காரணத்தையே வாங்கிய விலை தின்றுவிட்டது.

அதே அக்டோபரில் அமெரிக்காவில் கேம் பாஸின் உயர்ந்த சந்தா மாதம் 20 டாலரிலிருந்து 30 ஆனது. ஆக்டிவிஷனுக்கும் அதற்கும் நேர்க்கோடு போட என்னிடம் கணக்குப் புத்தகம் இல்லை. ஆனால் யாரோ ஒருவர் அந்தச் செலவை ஈடுகட்டியாக வேண்டும் என்பதற்குக் கணக்குப் புத்தகம் தேவையில்லை.

சரி, அடுத்து யார்? முதலில் ஊகத்தின் மதிப்பைப் பார்த்துவிடலாம். அமெரிக்க வழக்கில் வெளியான ஆவணங்களில் மைக்ரோசாஃப்டின் உள்வீட்டுப் பட்டியலே கிடைத்தது. அப்போதைய எக்ஸ்பாக்ஸ் தலைவர் பில் ஸ்பென்சர் 2020இல் சேகாவை அணுக அனுமதி கேட்டிருந்தார். நிண்டெண்டோவே கிடைத்தால் தன் வாழ்நாள் சாதனை என்கிற தொனியில் ஒரு மடலும் எழுதியிருந்தார். பஞ்சி, ஸிங்கா, ஐஓ இன்டராக்டிவ், சூப்பர்ஜயன்ட் என்று இன்னும் பெயர்கள் இருந்தன. பஞ்சி சோனிக்குப் போனது, ஸிங்கா டேக்-டூவுக்குப் போனது, ஐஓவும் சூப்பர்ஜயன்டும் யாரிடமும் போகவில்லை. கையில் காசோலைப் புத்தகம் வைத்திருந்தவரின் ஊகமே இந்த லட்சணம்.

பெரிய மேற்கத்தியப் பெயர்கள் கன்சோல்காரர்கள் கைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டன. 2025 செப்டம்பரில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸுக்கு 5,500 கோடி டாலர் விலை சொன்னது சவூதி அரசின் முதலீட்டு நிதியும் அதன் கூட்டாளிகளும். அதில் 2,000 கோடி கடன். யுபிசாஃப்டின் ‘அசாஸின்ஸ் கிரீட்’ முதலானவை அடங்கிய பிரிவில் சுமார் 25 சதவீதத்தைச் சீனாவின் டென்சென்ட் எடுத்துக்கொண்டது. டேக்-டூவை ‘ஜிடிஏ’ வைத்திருக்கும்வரை யாரும் மலிவாக வாங்க முடியாது. கேப்காம் நல்ல லாபத்தில் இருக்கிறது. விற்க வேண்டிய அவசியமே இல்லை. ஸ்கொயர் எனிக்ஸ், 2022இல் தன் மேற்கத்திய ஸ்டூடியோக்களை 30 கோடி டாலருக்கு விற்று உடம்பை இளைத்துக்கொண்டதிலிருந்து சோனிக்கு ஏற்ற பெண் என்று ஊரே சொல்கிறது. பெண் வீட்டார் மட்டும் சொல்லவில்லை.

எனக்குக் கவனிக்கத் தோன்றுவது கடோகாவா. ‘எல்டன் ரிங்’ செய்த ஃப்ரம்சாஃப்ட்வேரின் பெரும்பங்கு அதனிடம். ஆனால் அது கேம் கம்பெனி மட்டுமல்ல; நாவல், மாங்கா, அனிமே என்று கதைக் களஞ்சியமே வைத்திருக்கும் பதிப்பகம். அனிமே காட்டும் கிரஞ்சிரோலை ஏற்கெனவே வைத்திருக்கும் சோனிக்கு அதில் இரட்டை ருசி. முழுதாக வாங்கப் பேச்சு நடப்பதாக 2024 நவம்பரில் செய்தி வந்தது. டிசம்பரில் முடிந்ததோ சுமார் 5,000 கோடி யென்னுக்குப் பங்கு. மொத்தம் ஏறக்குறைய 10 சதவீதம், அப்போது அதிலேயே மிகப் பெரிய பங்குதாரர். 2025இல் பந்தாய் நம்கோவிலும் சுமார் 2.5 சதவீதம் வாங்கியது.

மூட்டையாக வாங்கிக் கை சுட்டுக்கொண்டவர்கள் இப்போது கிலோக் கணக்கில் வாங்குகிறார்கள் என்றே இதைப் படிக்கிறேன். அடுத்த சில ஆண்டுகளில் மைக்ரோசாஃப்ட் பெரிதாக எதையும் தொடாது, நிண்டெண்டோ பத்து வருடம் பழகிய ஏதோ ஒரு சின்ன ஸ்டூடியோவைச் சத்தமில்லாமல் சேர்த்துக்கொள்ளும், சோனி கடோகாவாவில் இருக்கும் 10ஐக் கூட்டப் பார்க்கும் என்பது என் ஊகம். சிறு பங்கில் ஸ்டூடியோவை மூடும் அதிகாரம் கைக்கு வராது. ஃப்ரம்சாஃப்ட்வேர் ஆட்களுக்கு அது நல்லதே. ஆனால் அவசரத்துக்கு முழுப் பணமும் கிடைக்காது. டபுள் ஃபைனுக்குக் கிடைத்த மாதிரி வெட்டிய காட்சிகளைத் திருப்பித் தர யாரும் வரமாட்டார்கள்.

டேங்கோவின் கதை அந்தக் கதவோடு முடியவில்லை. 2024 ஆகஸ்டில் தென்கொரியாவின் கிராஃப்டன், அந்தக் குழுவையும் ‘ஹை-ஃபை ரஷ்’ உரிமையையும் எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. அந்நிறுவனத்திடம் கன்சோல் எதுவும் இல்லை, ‘பப்ஜி’ இருக்கிறது. மூடப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பு ‘ஹை-ஃபை ரஷ்’ பிளேஸ்டேஷனுக்கும் வந்திருந்தது. வாங்கிய கன்சோல்காரரிடம் இன்று அந்தக் கேமின் உரிமையும் இல்லை, அதைச் செய்தவர்களும் இல்லை.