வாசற்படியிலிருந்து ஒரு வாசிப்பு

யூத ஞானம் என்று நமக்கு வந்து சேர்வதெல்லாம் பெரும்பாலும் பொன்மொழிகள். சந்தோஷமாக இரு, உருகிப் பிரார்த்தனை செய், அடுத்தவரிடம் அன்பாக நட. யார் மறுக்கப் போகிறார்கள்? மறுக்க ஆளில்லாத வாக்கியத்தை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். யார், யாரைப் பார்த்து, எங்கே நின்று சொன்னார் என்பதைத் துடைத்த பிறகுதான் ஒரு வாக்கியம் பொன்மொழி ஆகிறது. திருத்தணி போன்ற கோயில் ஊரில் இருப்பவனுக்கு இந்தத் துடைப்பு வேலை புதுசு இல்லை.

துடைக்க முடியாத குரல்களும் அந்த மரபில் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் பண்டிகைச் சட்டங்களைத் தொகுக்கும்போது முகத்தில் அடித்தாற்போல ஒன்று சொல்கிறார்: கதவைச் சாத்திக்கொண்டு பெண்டாட்டி பிள்ளைகளோடு தின்று குடித்து, ஏழைக்குப் போடாதவனின் மகிழ்ச்சி கடவுளுக்கானது இல்லை, அது அவன் வயிற்றின் மகிழ்ச்சி. உக்ரைனில் வாழ்ந்த ரப்பி நஹ்மான் (1772–1810), தினம் ஒரு மணி நேரம் தனியாகப் போய்க் கடவுளிடம் பேசு என்றார். புனித மொழியான எபிரேயத்தில் வேண்டாம், வீட்டில் பேசுகிற இத்திஷிலேயே பேசு என்றார். ஒருவர் கதவைப் பற்றிப் பேசுகிறார், இன்னொருவர் மொழியைப் பற்றி. அதிகாரம் குடியிருக்கும் இடங்கள் இவை இரண்டும்.

இந்த ஞானம் நமக்குப் பக்கத்தில், கொச்சியில் என்ன ஆனது? 1568இல் கட்டப்பட்ட மட்டாஞ்சேரி பரதேசி சினகாக்கில், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்த யூதர்களுக்கு உள்ளே இருக்கை இல்லை. வெளிக்கூடத்தில்தான் இடம். தோரா வாசிக்கவும் அவர்களை அழைப்பதில்லை. இத்தனைக்கும் 16ஆம் நூற்றாண்டிலேயே கொச்சியிலிருந்து கெய்ரோவுக்குக் கேள்வி போயிருக்கிறது. முறைப்படி விடுவிக்கப்பட்டு முழுக்குச் சடங்கு முடித்தவர்கள் யூதர்களே, அவர்களோடு மண உறவும் கொள்ளலாம் என்று ரப்பி டேவிட் இப்ன் அபி சிம்ரா தீர்ப்புச் சொன்னார். தீர்ப்பு வந்தது, பெஞ்சு வரவில்லை.

அந்த வம்சத்தில் பிறந்து சட்டம் படித்த ஏ.பி. சேலம் (1882–1967) தன் பிள்ளைகளோடு சத்தியாகிரகத்தை சினகாக்குக்குள்ளேயே கொண்டுபோனார். உட்காரக் கூடாத இடத்தில் உட்கார்ந்தார்கள். தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. அன்பைப் பற்றிய புது வாசகம் எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அதே கொச்சியில் யூதப் பெண்கள் மலையாளப் பாட்டுகளை நோட்டுகளில் எழுதிவைத்துக் கல்யாணத்திலும் பண்டிகையிலும் பாடினார்கள். வெள்ளை, கறுப்பு என்று பிரிந்து கிடந்த சமூகங்களுக்கு இடையே பல பாட்டுகள் பொதுவாகவே புழங்கின. ஆண்கள் கதவுக்குக் காவல் நின்ற காலத்தில், பாட்டு மட்டும் யாரையும் கேட்காமல் போய்வந்திருக்கிறது.

இப்போது எங்கள் மலைக்கு வருகிறேன். வருஷத்து நாள் கணக்கில் 365 படி. ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் ஏறும்போது அரோகரா சத்தத்தோடு தமிழும் தெலுங்கும் கலந்தே ஏறும். 1960 ஏப்ரல் 1இல் ஊர் ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. பக்தர்களின் பேச்சு அந்த எல்லைக்கோட்டைப் பொருட்படுத்தவில்லை. நஹ்மான் கேட்டிருந்தால் இதுதான் பிரார்த்தனை என்றிருப்பார் என்று எனக்குத் தோணுது. மைமோனிடிஸ் அவ்வளவு சுலபத்தில் விடமாட்டார், கதவைப் பற்றிக் கேட்பார். 1947இல் ஆலய நுழைவுச் சட்டம் வந்துதான் சென்னை மாகாணம் முழுக்கத் தலித்துகளுக்குக் கோயில் கதவு சட்டப்படி திறந்தது. பரம்பரை அர்ச்சகர் உரிமையை ஒழிக்க 1970இல் சட்டமன்றம் சட்டம் செய்தது. பயிற்சி பெற்ற பிற சாதியார் பலர் ஒன்றாகப் பணி ஆணை வாங்க 2021 ஆகிவிட்டது. வழக்குகளும் கூடவே வந்தன. அன்பே சிவம் என்று நாம் சொல்லாத நாளா?

ஆகவே ஞானப் பிரதிகளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. வெளிக்கூடத்தில் உட்கார வைக்கப்பட்டவரின் இடத்திலிருந்து அவற்றை வாசிக்கச் சொல்கிறேன். அங்கிருந்து பார்த்தால் மைமோனிடிஸ் கனக்கிறார், பொன்மொழி அட்டைகள் உதிர்ந்துபோகின்றன. இந்த வாசிப்பைக் கோயிலோடும் சினகாக்கோடும் நிறுத்திக்கொள்வதும் தந்திரம்தான். நம் இலக்கியக் கூட்டங்களையும் இயக்க அலுவலகங்களையும் எண்ணிப் பாருங்கள்: முன்வரிசையில் யார், கடைசிவரை டீ வாங்கிவந்துகொண்டே இருப்பது யார்?