சபாரி எழுத்தில் மறைந்துபோன மனிதன்

ஓர் இலக்கியம் எதனைக் காட்டுகிறது என்பதைப் போலவே எதனை மறைக்கிறது என்பதும் விமர்சனத்தின் கவனத்திற்குரியது. இயற்கை வருணனையைப் படிக்கும்போது நாம் இதனை எளிதில் மறந்துவிடுகிறோம். யானை நீரருந்தும் காட்சியில் அரசியலுக்கு என்ன வேலை என்று கேட்போரும் நம்மிடையே உளர். ஆபிரிக்கச் சபாரி எழுத்துக்களை முன்வைத்து இக்கேள்விக்கு விடைகாண முயல்வோம்.

‘சபாரி’ என்பது பயணம் எனப் பொருள்படும் சுவாகிலிச் சொல். அதன் வேர் அரபு. கல்முனைக்குடியில் ‘சபர்’ என்கிறோமே, அதே சொல்தான். வணிகனும் சுமைகாரனும் நடந்த நெடுவழியைக் குறித்த அச்சொல், குடியேற்ற ஆட்சியில் வெள்ளையரின் வேட்டை உல்லாசத்துக்குப் பெயராயிற்று. அமெரிக்க ஜனாதிபதிப் பதவியிலிருந்து நீங்கிய தியோடர் றூஸ்வெல்ட், 1909இல் கிழக்காபிரிக்காவுக்குச் சென்று நடத்திய வேட்டையை 1910இல் நூலாக்கினார். விலங்குகளைப் பற்றிய அவரது கூரிய அவதானிப்பை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவரது கூடாரத்தையும் உணவையும் சுமந்து சென்றோர் இருநூறுக்கு மேற்பட்டோர். அவர்கள் நூலில் வராமலில்லை. எனினும் அதன் நாயகன் துப்பாக்கி ஏந்தியவனே.

பின்னாளில் துப்பாக்கியின் இடத்தைப் புகைப்படக்கருவி பிடித்தது. அதனுடன் செல்வோர் விரும்பி நாடும் இடங்களுள் கென்யாவின் ம்சிமா நீரூற்றும் ஒன்று. சியுலு எரிமலைக் குன்றுகளில் பெய்யும் மழை, நுண்துளைப் பாறைகளினூடே வடிந்து, வரண்ட சாவோ நிலத்தில் தெளிந்த சுனையாக வெளிப்படுகிறது. அங்கே நீர்யானைகள் அமிழ்ந்து கிடக்கின்றன. அவற்றின் சாணத்தால் மீன்கள் வாழ்கின்றன. பயணி நீரடி அறையிலிருந்து அவற்றைப் பார்க்கிறான். பின் மரநிழலில் கட்டுச்சோற்றை அவிழ்க்கிறான். அவனது கட்டுரை அத்துடன் முடிகிறது.

வரலாறோ அங்கேதான் தொடங்குகிறது. சாவோ தேசியப் பூங்கா 1948இல் அமைந்தது. வில்லும் நச்சம்பும் கொண்டு தலைமுறைகளாக யானை வேட்டையாடி வாழ்ந்த வாட்டா மக்கள் அதன் பின்னர் திருடராகக் கருதப்பட்டனர். 1950களில் நடந்த ஒடுக்குமுறையில் பலர் சிறை சென்றனர். சீமான் கொன்றால் வேட்டை. குடியானவன் கொன்றால் களவு! ஊற்றின் நீரும் குழாய்வழி தொலைவிலுள்ள மொம்பாசா நகருக்குச் செல்கிறது. யானைகளைக் காப்பது தவறு என்பது நம் வாதமன்று. காப்பதன் விலையை யார் செலுத்தினர் என்பதைச் சொல்லாத எழுத்து அரை உண்மையே என்கிறோம்.

இதற்கு மாறான எழுத்து நம் நாட்டிலேயே பிறந்தது. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வூல்ப், 1913இல் வெளியிட்ட நாவலில் வரட்சிக் காட்டைக் காட்டினார். அங்கே விலங்கின் தாகமும் மனிதனின் பசியும் ஒரே உலகத்தவை. வேட்டைக்காரன் சிலிந்துவை அழிப்பது புலியன்று. கடனும், சேனை வெட்டும் அனுமதியைக் கைக்குள் வைத்திருக்கும் ஊர் அதிகாரமுமே. அழிவை விதிபோலக் காண்பதும், மக்கள் ஒன்றுபட்டு எழும் வழியைக் காணாமையும் வூல்பின் குறைகள். ஆயினும் காட்டிலிருந்து மனிதனை அவர் வெளியேற்றவில்லை.

இனி நம் பக்கம் திரும்புவோம். இங்கினியாகலையில் கல்லோயாவை மறித்து எழுந்த சேனநாயக்க சமுத்திரத்தைச் சூழ 1954இல் தேசியப் பூங்கா உருவானது. தீவுக்குத் தீவு யானை நீந்துவதைப் படகிலிருந்து காணலாம். நம் பகுதி வயல்களை நனைப்பதும் அந்நீரே. நம் மாணவரின் சுற்றுலாக் கட்டுரைகளில் நீந்தும் யானை தவறாது வருகிறது. அறுவடை முடிந்த சம்மாந்துறை வயல்களுக்கு வரும் யானைக்கூட்டமோ, யானைவெடியுடன் விழித்திருக்கும் விவசாயியோ அவற்றில் வருவதில்லை. ஒலுவில் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் உண்ட யானைகள் மாண்ட செய்தி 2022இல் உலகெங்கும் பரவியது. அக்குப்பை கரையோர ஊர்களாகிய நாம் கொட்டியதே.

பிள்ளைகளைக் குறைகூறிப் பயனில்லை. அந்த வாய்பாட்டை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் ஆசிரியர்களாகிய நாமே. அடுத்த சுற்றுலாவின் பின், ‘என்ன கண்டாய்?’ என்பதோடு, ‘இந்த நீர் யாருக்குப் போகிறது? இங்கே முன்னர் வாழ்ந்தவர் யார்? நீ விட்டுவந்தது என்ன?’ என்றும் கேட்போம். அவ்வினாக்களுக்கு விடை தேடும் எழுத்திலேதான் இயற்கையும் மனிதனும் ஒருங்கே இடம்பெறுவர்.