கண்ணாடிக்கு அப்பால் ஓர் ஆசிரியர்

கணவனும் மனைவியும் எதிரே உட்கார்ந்து ஒரே நேரத்தில் குரலை உயர்த்தும்போது என்ன செய்வது? எத்தனை புத்தகம் படித்தாலும் அதற்கான தெளிவு தானாக வந்துவிடாது. அமெரிக்காவில் திருமண, குடும்ப சிகிச்சைக்கான முதுகலைப் படிப்பு இதை நன்கு உணர்ந்தவர்களால் உருவாக்கப்பட்டது. அந்த உணர்வு தந்த பயிற்சிமுறைதான் இப்படிப்பின் பெரும்பலம். நாளடைவில் அது மணிக்கணக்காகச் சுருங்கிப்போனது வருந்தத்தக்கது.

முதலில் பலத்தைப் பார்ப்போம். குடும்ப சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவரான சால்வடோர் மினுச்சின் 1965 முதல் தலைமையேற்று நடத்திய ஃபிலடெல்பியா குழந்தைகள் வழிகாட்டு மையம், ஒருவழிக் கண்ணாடியை வகுப்பறைக் கருவியாக்கிய இடங்களில் முக்கியமானது. அறைக்குள் குடும்பமும் மாணவரும் இருப்பார்கள். குடும்பத்தின் சம்மதத்தோடு கண்ணாடிக்குப் பின்னால் ஆசிரியர் உட்கார்ந்திருப்பார். மகனிடம் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் தாயே பதில் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாணவர் அதைக் கவனிக்காமல் அடுத்த கேள்விக்குப் போகிறார். அப்போது அறையில் தொலைபேசி ஒலிக்கும். “அப்பாவை மகன் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். அம்மாவைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கச் சொல்லுங்கள்” என்பார் ஆசிரியர். இருக்கை மாறியதும் பேச்சின் போக்கு எப்படி மாறுகிறது என்பதை மாணவர் அங்கேயே காண்கிறார். வேறு பல உளசிகிச்சைப் பயிற்சிகளில், நடந்ததை மாணவர் பிறகு நினைவிலிருந்து சொல்ல, ஆசிரியர் கேட்டுத் திருத்துவதே வழக்கம். தன் கண்ணில் படாத தவற்றை எந்த மாணவராலும் சொல்ல முடியாது. அந்த ஓட்டையைக் கண்ணாடி அடைத்தது.

இரண்டாவது பலம், மாணவர் தன் குடும்பத்தையே ஆராய்வது. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் இன்னொரு முன்னோடியான மரே போவன் வளர்த்த மரபு இது. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், பகைக்கு நெளிகோடு என்று மூன்று தலைமுறைகளை மாணவர் வரைந்து பார்க்கிறார். பெற்றோருக்கிடையே தூது போயே வளர்ந்த ஒருவர், சிகிச்சை அறையிலும் சமாதானம் பேசத்தான் அவசரப்படுவார். அதை முன்கூட்டியே அறிந்துகொள்வது அவருக்கும் நல்லது, அவரிடம் வரும் குடும்பங்களுக்கும் நல்லது. ஆனால் இங்கே ஒரு சிக்கலும் உண்டு. வீட்டு ரகசியங்களைக் கேட்டறியும் அதே ஆசிரியர்தான் பல இடங்களில் மதிப்பெண்ணும் போடுகிறார். மாணவருக்கு ஆசிரியரே சிகிச்சை தரக்கூடாது என்று தொழில்நெறி விதி இருக்கிறது. ஆனால் வகுப்புப் பயிற்சி எங்கே முடிகிறது, சிகிச்சை எங்கே தொடங்குகிறது என்பதை அந்த விதியால் வரையறுக்க முடிவதில்லை.

இதைவிடப் பெரிய குறை, நேரக்கணக்கில் இருக்கிறது. இத்துறைப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் ஆணையத்தின் இப்போதைய விதிப்படி, மாணவர் குறைந்தது 300 மணி நேரம் சிகிச்சை அளிக்க வேண்டும். அதில் தம்பதியரோடும் குடும்பங்களோடும் கழிக்க வேண்டியது 100 மணி நேரம்தான். குடும்ப சிகிச்சையாளர் என்று பட்டம் பெறுபவர், பயிற்சியில் மூன்றில் இரண்டு பங்கைத் தனிநபர்களோடு கழித்திருக்கலாம். இதற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. காப்பீட்டு நிறுவனங்கள் ஒரு நோயாளி, ஒரு நோய்ப்பெயர் என்ற அடிப்படையில் பணம் தருகின்றன. வேலைக்கும் பள்ளிக்கும் போகும் நாலு பேரை ஒரே நேரத்தில் வரவழைப்பதும் லேசான காரியம் இல்லை.

மணிக்கணக்கு பட்டத்தோடு முடிவதில்லை. கலிஃபோர்னியாவில் இத்தொழிலுக்கான உரிமம் பெற 3,000 மணி நேர அனுபவம் வேண்டும். குறைந்தது 104 வாரங்களில் அது சேர வேண்டும். அதில் எவ்வளவு நேரம் மேற்பார்வையாளர் நேரில் பார்க்க வேண்டும் என்பது பெரும்பாலும் அவர் விருப்பத்துக்கே விடப்பட்டிருக்கிறது. அனுபவம் கூடினால் திறமை தானே கூடும் என்ற நம்பிக்கை இதன் அடியில் இருக்கிறது. சைமன் கோல்ட்பர்க் குழுவினர் 170 சிகிச்சையாளர்களின் பல ஆண்டுப் பணியை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்ட முடிவு அந்த நம்பிக்கையை அசைக்கிறது. அனுபவம் ஏற ஏறப் பலன் சராசரியாக உயரவில்லை. மிகச் சிறிய அளவில் குறைந்தது. அந்த ஆய்வு தனிநபர் சிகிச்சையைப் பற்றியதுதான். ஆனாலும் மணிகளை எண்ணியே தகுதியை முடிவுசெய்யும் எந்தத் துறையும் அதைத் தட்டிக்கழிக்க முடியாது.

படிப்புக்கால மணிகளில் பெரும்பகுதியை மாணவர்கள் பலரும் சம்பளமில்லாமல், கல்விக் கட்டணத்தையும் கட்டிக்கொண்டே சேர்க்கிறார்கள். கையில் பணம் இருப்பவர்தான் தாக்குப்பிடிக்க முடியும். மினுச்சினும் அவரோடு பணியாற்றிய ஜே ஹேலியும் பட்டமில்லாத ஏழைக் குடியிருப்புவாசிகளையே தேர்ந்தெடுத்து, கண்ணாடிக்குப் பின்னால் அமர்ந்து அவர்களைக் குடும்ப சிகிச்சையாளர்களாகப் பழக்கியவர்கள். அந்த மரபில் வந்த துறை ஏழைகளுக்குக் கதவைச் சாத்துவது பெரும் அநீதி.

படிப்பின்போது பெறும் 100 மணி நேர மேற்பார்வையில் பாதியாவது, சிகிச்சையை நேரிலோ பதிவிலோ பார்த்துச் செய்வதாக இருக்க வேண்டும் என்று ஆணையம் விதித்திருக்கிறது. இந்த நல்ல விதி பட்டத்தோடு நின்றுவிடாமல் உரிமம் பெறும் காலத்துக்கும் நீள வேண்டும். அதற்கு ஈடாக மொத்த மணிகளைக் குறைத்தாலும் நட்டமில்லை. குடும்பங்களோடு உழைக்கும் நேரத்தின் பங்கைக் கூட்டி, அதற்கு ஊதியமும் தர வேண்டும். சொந்தக் குடும்பக் கதையைக் கேட்பவரும் மதிப்பெண் போடுபவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்க வேண்டும். இவற்றில் எதுவும் புதிய கோட்பாட்டைக் கேட்கவில்லை. இத்துறையின் முன்னோடிகள் நல்லதென்று கண்டதைக் கடைசிவரை கடைப்பிடித்தாலே போதும்.