வெள்ளை அங்கியும் செலரிப் பொடியும்

நியூயார்க்கின் கோனி ஐலண்டு கடற்கரையில் 1916-ஆம் ஆண்டு நேதன் ஹாண்ட்வெர்க்கர் ஒரு ஹாட் டாக் கடை திறந்தார். சாசேஜ் என்னும் இறைச்சிக் குழலைச் சூடாக்கி, பிளந்த ரொட்டிக்குள் வைத்துத் தருவதே ஹாட் டாக். அருகிலிருந்த ஃபெல்ட்மன் உணவகத்தில் விலை 10 சென்ட். நேதனிடம் 5 சென்ட். இத்தனை மலிவென்றால் ஐயம் வராதா? அதிலும், சிகாகோ இறைச்சி ஆலைகளின் அழுக்கை அப்டன் சிங்கிளேரின் நாவல் அம்பலப்படுத்தி, 1906-இல் இறைச்சிச் சோதனைச் சட்டமே வந்திருந்த காலம் அது. நேதன் சிலருக்கு டாக்டர் போல் வெள்ளை அங்கி மாட்டி, கடைவாசலில் நின்று தின்னச் செய்தாராம். கூட்டம் வந்தது, சாசேஜ் என்னவோ அதேதான்.

இன்று அமெரிக்கக் கடைகளில் சில சாசேஜ் பொட்டலங்கள் மீதுள்ள "நைட்ரைட் சேர்க்கப்படவில்லை" என்ற வாசகம் அந்த வெள்ளை அங்கியின் வேலையைச் செய்கிறது.

சோடியம் நைட்ரைட் வீணுக்குச் சேர்க்கும் பொருள் அன்று. போட்டுலிசம் என்னும் கொடிய நச்சுநோயை விளைவிக்கும் பாக்டீரியாவை அது வளரவிடாது. இறைச்சிக்கு இளஞ்சிவப்பு நிறத்தையும் தருகிறது. அரைத்த இறைச்சியில் பத்து லட்சம் பங்குக்கு 156 பங்குக்கு மேல் சேர்க்கலாகாது என்பது அமெரிக்க விதி. ஆனால் வயிற்றிலும் கடும் சூட்டிலும் அது அமைன்களுடன் கூடி நைட்ரோசமைன்களாக மாறக்கூடும். இவற்றுள் பல, விலங்குகளுக்குப் புற்றுநோய் விளைவிப்பவை.

"சேர்க்கவில்லை" என்பவர்கள் சேர்ப்பது செலரிப் பொடி. செலரித் தண்டில் இயல்பாகவே நைட்ரேட் மிகுதி. பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. செலரியிலிருந்து வந்தாலும் புட்டியிலிருந்து வந்தாலும் நைட்ரைட் நைட்ரைட்தானே! பொட்டலத்தின் சிறிய எழுத்துகள் இதை ஒப்புக்கொள்ளவும் செய்கின்றன. அவற்றை யார் படிக்கிறார்கள்? 2019-இல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு பதனிட்ட இறைச்சித் துண்டுகளைச் சோதித்தபோது, இருவகையிலும் நைட்ரைட் அளவு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது.

மறுபக்கத்தாரும் மிகைப்படுத்தாமல் இல்லை. 2015-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் பதனிட்ட இறைச்சியைப் புகையிலை உள்ள முதற்பிரிவில் சேர்த்தவுடன், "சாசேஜும் சிகரெட்டும் ஒன்றே" என்றனர். அப்பிரிவு சான்றின் உறுதியைக் காட்டுவது. ஆபத்தின் அளவை அன்று. நாள்தோறும் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்றது அறிக்கை. அமெரிக்கர் நூறு பேரில் சுமார் நால்வருக்கு வாழ்நாளில் வரும் நோய் இது. 18 சதவீதம் கூட்டினாலும் ஐவரை எட்டாது.

இந்தச் சண்டையில் உப்பு மறந்துபோகிறது. சுமார் 45 கிராம் மாட்டிறைச்சி சாசேஜில் 5 கிராம் புரதம், 13 கிராம் கொழுப்பு, ஏறக்குறைய 450 மில்லிகிராம் சோடியம். நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராமுக்குள் நிற்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டு ஹாட் டாக் தின்றால், ரொட்டியையும் சேர்த்து, அதில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். தள்ளுவண்டிக்காரர் தாராளமாக அள்ளிவைக்கும் உப்பில் புளித்த முட்டைக்கோசு இந்தக் கணக்கில் சேராது.