கடந்தகால வினாத்தாள்

வெள்ளவத்தைக் காலி வீதியில், ஒரு புத்தகக் கடையில் உயர்தரப் பௌதிகவியல் கடந்தகால வினாத்தாள் தொகுப்பொன்றைப் புரட்டினேன். மலிவான தாள், நெருக்கமான எழுத்து. ஆனாலும் எனக்கு அது அழகான பொருள்.

முதற் பத்திரத்தில் 50 வினாக்கள், இரண்டு மணித்தியாலம். ஒரு வினாவுக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை. ஐந்து விடைகளுள் ஒன்றுக்குத்தான் புள்ளடி. இரண்டாம் பத்திரத்தில் நான்கு அமைப்புக் கட்டுரைகள். பிறகு ஆறு கட்டுரை வினாக்களில் நான்கு. எதை விடுவது என்று அறிவதும் படிப்புத்தான்.

வரலாற்றில் காரணங்களை வரிசைப்படுத்துவது, கணிதத்தில் படிமுறைகளைக் காட்டுவது, தமிழ்க் கட்டுரையில் சொன்னதையே சொல்லாமல் நகர்வது: பாடம் மாறினாலும் கடந்தகால வினாத்தாள் தரும் பழக்கம் ஒன்றே. புள்ளித்திட்டத்தை வைத்துத் தன் விடையைத் தானே திருத்தும் பிள்ளை, எங்கே தடுமாறியது என்பதைத் தானே கண்டுகொள்கிறது. எந்த ரியூசன் வகுப்பும் இதைவிட நேர்மையாகச் சொல்லித் தராது.

கொட்டாஞ்சேனையில் அக்கா வீட்டில், மருமகளின் மேசைமேல் அவளுடைய அண்ணன் பாவித்த தொகுப்பு இருக்கிறது. அவன் போட்ட பென்சில் புள்ளடிகளை அழிறப்பரால் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கியிருக்கிறாள். ஒரு தாளின் ஓரத்தில் அவன் எழுதிய 'நேரம் போதவில்லை' மட்டும் அழியாமல் இருந்தது. அதன் கீழே அவள் நீல மையால் எழுதியிருந்தாள்: 'எட்டு நிமிடம் மிச்சம்.'

மணிக்கூட்டை முன்னால் வைத்துவிட்டு, அடுத்த தாளைத் திருப்பினாள்.